ஷீட் மெட்டல் பாகங்களில் டேட்டம் டார்கெட்: புதிதாக வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே பாகம்தான். செய்து கொடுத்தவர் அளந்தால் எல்லா அளவும் எல்லைக்குள் இருக்கிறது. வாங்கியவர் அளந்தால் நான்கு துளைகள் வெளியே போகின்றன. இருவரிடமும் நல்ல சிஎம்எம் (புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரம்) இருக்கிறது, இருவரும் கவனமாகவே அளந்திருக்கிறார்கள். இந்த வழக்கில் பல வாரங்கள் மாட்டிக்கொண்டு, கடைசியில் வரைபடத்தைத் திருத்தி வெளிவந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ‘டேட்டம் ஏ’ என்று, அதாவது அளவுகள் தொடங்கும் முதல் அடிப்படை என்று, தகட்டின் பெரிய முகத்தைக் காட்டியிருந்தார்கள். அந்த முகமோ நெளிந்திருந்தது. நெளிந்த முகத்தை எந்த இடங்களில் தாங்கி நிறுத்துவது என்று வரைபடம் சொல்லவில்லை. ஆளுக்கு ஓர் இடத்தில் தாங்கினார்கள், ஆளுக்கு ஒரு விடை வந்தது.

டேட்டம் டார்கெட் இந்தச் சிக்கலுக்கான மருந்து. முழு முகத்தையும் டேட்டம் என்று சொல்லாமல், ‘இந்தப் புள்ளிகளில், இந்தச் சிறு பரப்புகளில் மட்டும் தொடு’ என்று வரைபடத்திலேயே சொல்லிவிடுகிறோம். அமெரிக்க முறையில் ஏஎஸ்எம்இ ஒய்14.5, உலக முறையில் ஐஎஸ்ஓ 5459 ஆகிய இரண்டும் இதற்கு விதி தருகின்றன. எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பெயர்க்கட்டத்தில் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு பாகத்தை வைத்துக்கொள்வோம். 600க்கு 400 மி.மீ. அளவுள்ள மூடித்தகடு, தடிமன் 1.2 மி.மீ. நான்கு பக்கமும் 25 மி.மீ. ஃபிளாஞ்ச் (விளிம்பை மடித்து எழுப்பிய சுவர்) மடித்தது. நான்கு மூலைகளுக்கு அருகில் போல்ட் துளைகள். ஒரு சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்படுகிறது.

1. வரையும் முன் பாகம் உட்காரும் இடத்தைப் பாருங்கள்

அசெம்பிளியில் இந்தத் தகடு எதைத் தொடுகிறது, எந்த வரிசையில் தொடுகிறது? முதலில் சட்டத்தின் மேல் படுகிறது. பிறகு ஏதோ ஒரு துளையோ விளிம்போ அதை இடம் வலமாக நிறுத்துகிறது. கடைசியில் ஏதோ ஒன்று அது சுழலாமல் பிடிக்கிறது. இந்த வரிசைதான் ஏ, பி, சி. பாகத்தின் முகம் முதலில் படிகிறதென்றால் முகம்தான் ஏ. அழகாக இருக்கும் விளிம்பையோ, கணினியில் முதலில் வரைந்த மூலையையோ டேட்டமாக எடுக்காதீர்கள்.

மெல்லிய தகட்டில் துளையை முதன்மை டேட்டமாக வைக்கும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம். 1.2 மி.மீ. ஆழமுள்ள துளைக்கு நம்பத்தக்க அச்சுத் திசை கிடையாது. அது ‘எங்கே’ என்று சொல்லும், ‘எந்தப் பக்கம் சாய்ந்து’ என்று சொல்லாது. சாய்வை முகம்தான் தீர்மானிக்க வேண்டும்.

2. தகட்டின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

தகட்டுக்கு இரண்டு முகங்கள். தடிமனுக்கும் டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) உண்டு. ஏ1ஐ மேல்முகத்திலும் ஏ2ஐக் கீழ்முகத்திலும் வைத்தால் தடிமன் மாறும்போதெல்லாம் பாகம் சாயும். சட்டத்தைத் தொடும் முகத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லா ஏ டார்கெட்டுகளையும் அதிலேயே வையுங்கள். அளவுகளையும் முடிந்தவரை அதே பக்கத்திலிருந்து கொடுங்கள். உள்பக்கம் பாதி, வெளிப்பக்கம் பாதி என்று அளவு கொடுத்த வரைபடத்தில் எங்கெல்லாம் தடிமன் கூடியது, எங்கெல்லாம் கழிந்தது என்று பின்னால் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தகட்டை வெட்டும்போது விளிம்பில் எழும் பிசிறு எந்தப் பக்கம் வரும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பிசிறு உள்ள பக்கத்தில் விளிம்பை ஒட்டி டார்கெட் வைத்தால் நீங்கள் அளப்பது பிசிறின் உயரத்தை.

3. ஏ டார்கெட்டுகளைப் பரப்பி வையுங்கள்

ஒரு தளத்தை நிர்ணயிக்க மூன்று புள்ளிகள் வேண்டும். இரண்டாம் டேட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. 3-2-1 என்பது இதுதான். எண்ணிக்கை எளிது. இடம்தான் கடினம்.

முதல் விதி, தூரம். ஏ1க்கும் ஏ2க்கும் இடையே 100 மி.மீ. மட்டும் இருக்கிறது, ஏ2 இருக்கும் இடத்தில் தகடு 0.2 மி.மீ. மேடாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஏ1இலிருந்து 500 மி.மீ. தள்ளியுள்ள துளையில் அந்தச் சாய்வு 1 மி.மீ. ஆக வளர்ந்துவிடும். இரு டார்கெட்டுகளையும் 500 மி.மீ. இடைவெளியில் வைத்திருந்தால் அதே 0.2 மி.மீ. மேடு 0.2 ஆகவே நிற்கும். எனவே பாகத்தின் கோடிகளுக்குத் தள்ளுங்கள்.

இரண்டாவது, எடை. பாகத்தின் எடை மையம் மூன்று டார்கெட்டுகளும் அமைக்கும் முக்கோணத்துக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் கிளாம்ப் இல்லாமல் பாகம் நிற்காது. நமது தகட்டில் ஏ1, ஏ2 இரண்டையும் ஒரு நீளப் பக்கத்தின் இரு மூலைகளிலும், ஏ3ஐ எதிர்ப்பக்கத்தின் நடுவிலும் வைத்தால் மையம் உள்ளே வந்துவிடுகிறது.

மூன்றாவது, எங்கே வைக்கக் கூடாது. மடிப்பின் வளைவின் மேல், வெல்டிங் புள்ளியின் மேல், புடைப்பின் சரிவில், வெட்டு விளிம்பின் ஓரத்தில், துளையைச் சுற்றி இழுபட்ட பகுதியில் கூடாது. மடிக்கும்போது வளைவுக்கு அருகில் உள்ள தகடும் சற்றே இழுபடும். அதனால் வளைவு முடிந்தவுடனேயே வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: தகடு நான்கு மூலைகளில் இறுக்கப்படுகிறது, டார்கெட் மூன்றா, நான்கா?

கெட்டியான பாகத்துக்கு நான்காவது புள்ளி வேண்டியதில்லை, வைத்தால் பாகம் ஆடும். மெல்லிய தகடு வளையும் என்பதால் மூன்றுக்கு மேலும் வைக்கலாம், அப்போது முறை என்-2-1 ஆகிறது. ஆனால் நான்காவதைச் சேர்த்த அந்தக் கணமே ‘தகட்டை விசையால் இழுத்துப் பிடித்து அள’ என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்த விசை எவ்வளவு, அசெம்பிளியில் அது உண்மையிலேயே கிடைக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கருத்து இது: மூன்றில் தொடங்குங்கள். நான்கு பக்கமும் மடித்த ஆழமற்ற பெட்டி போன்ற பாகம் முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. மூன்று புள்ளிகளில் வைத்து அளந்தால் அந்த முறுக்கு எதிர் மூலையில் எண்ணாக வெளியே வரும். நான்கையும் கிளாம்ப் போட்டு அழுத்திவிட்டால் முறுக்கு மறைந்துவிடும், அசெம்பிளி செய்பவர் கையில்தான் மீண்டும் தலைகாட்டும். சட்டம் கெட்டியானது, போல்ட் அந்த மூலையை எளிதாக இழுக்கும் என்று தெரிந்த பிறகு ஏ4ஐச் சேருங்கள். அதைச் சேர்க்கும்போது ஆறாவது படியில் சொல்லும் குறிப்பையும் கட்டாயம் சேருங்கள்.

4. பி, சி: துளையும் நீள்துளையும், அல்லது விளிம்புகள்

ஷீட் மெட்டலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, பி ஒரு வட்டத் துளை, சி ஒரு நீள்துளை. இரண்டும் தட்டையான தகட்டில், ஒரே மெஷினில், ஒரே பிடிப்பில் வெட்டப்படுகின்றன. எனவே அவற்றுக்கு இடையேயான உறவில் மடிப்பின் பிழை கலப்பதில்லை. வட்டத் துளையில் நுழையும் ‘பின்’ (பாகத்தை நிறுத்தும் உருளை முளை) நான்கு திசையிலும் நிறுத்தும். நீள்துளையில் நுழையும் ‘பின்’ சுழற்சியை மட்டும் தடுக்கும். நீள்துளையின் நீளம் பி துளையை நோக்கி இருக்க வேண்டும். குறுக்காக வைத்தால் பாகம் பி பின்னைச் சுற்றி ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

இரண்டையும் வட்டத் துளையாகவே வைக்கலாமே என்று தோன்றும். மையங்களுக்கு இடையேயான தூரம் சிறிது மாறினாலும் இரண்டாவது பின் நுழையாது. நுழைய வைக்கத் துளையைப் பெரிதாக்கினால் ஆட்டம் வந்துவிடும்.

துளை மடிப்புக்கு அருகில் இருந்தால் மடிக்கும்போது நீண்டுவிடும். துளையின் ஓரம் வளைவிலிருந்து தடிமனின் இரண்டரை மடங்கும் உள் ஆரமும் சேர்ந்த தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. உள் ஆரம் 1.2 மி.மீ. என்றால் நமது தகட்டில் 4.2 மி.மீ. டேட்டம் துளைக்கு அதைவிடத் தாராளமாகவே விடுங்கள்.

கவனியுங்கள்: துளையும் நீள்துளையும் டார்கெட் அல்ல, சாதாரண டேட்டம் அம்சங்கள். அவற்றுக்கு வழக்கமான முக்கோணக் குறியீடு போதும். ஏ டார்கெட்டால், பி, சி துளைகளால் என்று கலந்து வைப்பதில் தவறில்லை.

துளைக்கு இடமில்லை என்றால் விளிம்புகள். நீளப் பக்கத்தில் பி1, பி2. குட்டைப் பக்கத்தில் சி1. பின்னின் பக்கவாட்டு தகட்டின் தடிமன் முழுவதையும் தொடும் என்பதால் இவை கோட்டு டார்கெட்டுகள்.

ஃபிளாஞ்சின் வெளிமுகத்தை பி ஆக வைக்க வேண்டிய நிலையும் வரும். ஃபிளாஞ்ச்தான் சட்டத்தில் ஒட்டி உட்காருகிறது என்றால் வேறு வழியில்லை. அப்போது டார்கெட்டின் உயரத்தைக் குறிக்காமல் விடாதீர்கள். மடிப்புக் கோணத்துக்கு ±1° அனுமதி இருந்தால், 25 மி.மீ. உயரத்தில் ஃபிளாஞ்சின் நுனி ஏறக்குறைய 0.44 மி.மீ. நகரும். 8 மி.மீ. உயரத்தில் 0.14 மி.மீ. மட்டுமே. வெளி வளைவு 2.4 மி.மீ. உயரத்தில் முடிந்துவிடுவதால் 8 மி.மீ. உயரத்தில் 6 மி.மீ. விட்டமுள்ள டார்கெட் பாதுகாப்பாக அமரும். உயரம் சொல்லாத டார்கெட்டை ஒருவர் நுனியிலும் மற்றவர் அடியிலும் தொடுவார்கள், பழைய சண்டை மீண்டும் தொடங்கும்.

5. குறியீட்டைச் சரியாக வரையுங்கள்

டார்கெட் குறியீடு குறுக்குக் கோட்டால் இரண்டாகப் பிரித்த வட்டம். கீழ்ப்பாதியில் எழுத்தும் எண்ணும்: ஏ1, ஏ2, ஏ3. டார்கெட் ஒரு பரப்பு என்றால் மேல்பாதியில் அதன் அளவு, உதாரணமாக விட்டம் 12. புள்ளியோ கோடோ என்றால் மேல்பாதி காலி.

புள்ளியைப் பெருக்கல் குறியால் காட்டுங்கள். பரப்பை விட்டுவிட்டு வரையும் கோட்டால் சுற்றி உள்ளே சாய்கோடு இடுங்கள். விளிம்புக் கோட்டு டார்கெட்டை, விளிம்பு தெரியும் தோற்றத்தில் பெருக்கல் குறியாகவும் பக்கத் தோற்றத்தில் கோடாகவும் காட்டலாம்.

வட்டத்திலிருந்து டார்கெட்டுக்குப் போகும் கோடு தொடர்கோடா, விட்டு விட்டு வரும் கோடா என்பதில் பொருள் இருக்கிறது. தொடர்கோடு என்றால் டார்கெட் நீங்கள் பார்க்கும் பக்கத்தில். விட்டு விட்டு வந்தால் மறுபக்கத்தில். தகட்டு வரைபடத்தில் இந்த ஒரு கோடு மாறினால் ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) செய்பவர் ரெஸ்ட் பேடை, அதாவது பாகம் அமரும் தாங்கியை, தவறான பக்கத்தில் வைத்துவிடுவார்.

டார்கெட்டின் இருப்பிடத்தைக் கட்டத்துக்குள் எழுதிய பேசிக் அளவால் (டாலரன்ஸ் போடாத சரியான அளவால்) கொடுங்கள். ±0.5 என்று பாகத்துக்குரிய டாலரன்ஸ் போட்டால் ஒவ்வொரு ஃபிக்ஸ்சரும் ஒவ்வோர் இடத்தில் தாங்கும். பேசிக் அளவுக்கு ஃபிக்ஸ்சர் செய்பவரின் நுண்ணிய எல்லை பொருந்தும். பாகத்தின் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலான வழக்கம்.

முகத்தில் புள்ளியா, பரப்பா? கிளாம்ப் போடும் இடத்தில் பரப்பு. உருண்டை முனையின் மேல் மெல்லிய தகட்டை அழுத்தினால் குழி விழும்.

ஃபீச்சர் கன்ட்ரோல் ஃபிரேமில் (டாலரன்ஸையும் அதன் டேட்டங்களையும் எழுதும் கட்டத்தில்) ஏ, பி, சி என்ற எழுத்துகள் மட்டும் போதும். ஏ1, ஏ2 என்று அங்கே எழுத வேண்டாம். ஐஎஸ்ஓ முறையில் டேட்டம் குறியீட்டின் அருகே எந்தெந்த எண்கள் என்று வரிசையாக எழுதும் வழக்கம் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

6. பிடித்து அளப்பதா, விட்டு அளப்பதா என்று எழுதுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. வழக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

குறிப்பு ஏதும் இல்லையென்றால் பாகத்தை விசை இன்றி அளக்க வேண்டும் என்பதே பொருள். கிளாம்ப் போட்டு அளக்க வேண்டுமென்றால் வரைபடத்தில் எழுத வேண்டும். ஐஎஸ்ஓ முறையில் பெயர்க்கட்டத்தின் அருகே ‘ஐஎஸ்ஓ 10579-என்ஆர்’ என்று குறித்து, பிடிப்பு நிபந்தனைகளைக் குறிப்பாகச் சேர்ப்பார்கள். ஒய்14.5 முறையிலும் குறிப்பு எழுதியே சொல்ல வேண்டும். ‘பிடித்து அளக்கவும்’ என்ற இரண்டு சொற்கள் போதாது. குறிப்பில் இவை இருக்கட்டும்:

– எந்தெந்த டார்கெட்டுகளில் கிளாம்ப்;
– ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விசை, போல்ட் என்றால் எவ்வளவு முறுக்கு விசை;
– எந்த வரிசையில் இறுக்குவது;
– அளக்கும்போது பாகம் படுத்திருக்கிறதா, நிற்கிறதா. மெல்லிய பெரிய தகடு தன் எடையாலேயே தொய்யும்.

கிளாம்ப் நேராக டார்கெட்டின் எதிரே அழுத்த வேண்டும். பத்து மில்லிமீட்டர் தள்ளி அழுத்தினாலும் தகடு நெம்பப்பட்டு வளையும்.

கிளாம்ப் போட்ட நிலையிலும் சில அம்சங்களை விட்டு அளக்க வேண்டியிருக்கும். அவற்றின் டாலரன்ஸுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் எஃப் எழுதுங்கள். நமது தகட்டில் ஏ4ஐச் சேர்த்திருந்தால், பிடித்த நிலையில் முகத்தின் புரொஃபைல் (வடிவத்திலிருந்து விலக அனுமதித்த அளவு) 0.6 என்றும், விட்ட நிலையில் வட்டத்துக்குள் எஃப் போட்டு 2 என்றும் இரண்டும் கொடுக்கலாம். இரண்டாவது எண் இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கிய தகட்டையும் கிளாம்ப் போட்டு ‘சரி’ என்று அனுப்ப முடியும். அதைச் சட்டத்தில் பொருத்த முயலும் தொழிலாளிதான் அல்லாடுவார்.

7. டேட்டத்துக்கும் டாலரன்ஸ் கொடுங்கள்

டார்கெட் வைத்துவிட்டதாலேயே முகம் தட்டையாகிவிடாது. ஏ முகத்துக்குப் புரொஃபைல் அல்லது தட்டைத்தன்மை, பி துளைக்கு ஏவைச் சார்ந்த பொசிஷன் (இருப்பிட டாலரன்ஸ்) அல்லது செங்குத்து, சி நீள்துளைக்கு ஏ, பி இரண்டையும் சார்ந்த பொசிஷன் என்று கொடுங்கள். ஆனால் நமது தகட்டில் உள்ளது போன்ற 1.2 மி.மீ. ஆழத் துளைக்குச் செங்குத்து எண் கொடுத்தால் அதை நம்பகமாக அளக்க முடியாது. துளையின் அளவை இறுக்கமாக வைப்பதே பயன் தரும்.

ஏ டார்கெட்டுகள் படிக்கட்டு போல வெவ்வேறு மட்டங்களில் இருந்தால் மட்டங்களுக்கு இடையேயான உயரத்தைப் பேசிக் அளவாகவும், அந்தப் பரப்புகளுக்குச் சேர்த்து ஒரு புரொஃபைலும் கொடுங்கள்.

8. ஆவணங்கள், செலவு, காலம்

வரைபடம் மட்டும் அனுப்பினால் போதாது. 3டி மாடலில் அதே டார்கெட்டுகள் அதே ஆயத்தொலைவுகளில் இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று வரைபடத்தில் எழுதுங்கள். செய்பவரிடமிருந்து ஃபிக்ஸ்சர் வரைபடத்தையும் அளவீட்டுத் திட்டத்தையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ரெஸ்ட் பேடும் உங்கள் டார்கெட் எண்ணோடு பொருந்துகிறதா என்று குறித்துக்கொண்டே சரிபாருங்கள். முதல் மாதிரி அறிக்கையில் பாகம் ஃபிக்ஸ்சரில் அமர்ந்திருக்கும் புகைப்படம் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு படம் பல கடிதங்களை மிச்சப்படுத்தும்.

செலவு டார்கெட்டுகளின் எண்ணிக்கையோடு வளரும். ஒவ்வொரு ரெஸ்ட் பேடையும் செய்து, உயரம் சரிபார்த்து, அவ்வப்போது மீண்டும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கிளாம்புக்கும் ஏற்றி இறக்கும் நேரம் கூடும். பி துளைக்கு எம் குறி, அதாவது துளையின் மிகச் சிறிய எல்லையை வைத்தே பாகத்தை நிறுத்தச் சொல்லும் வட்டத்துக்குள் எம், போட்டால் ஒரே அளவுள்ள நிலையான பின் போதும். போடாவிட்டால் துளையின் ஒவ்வோர் அளவுக்கும் பொருந்தும் கூம்பு அல்லது விரியும் பின் வேண்டும், அது விலை கூடியது. துளையில் சிறிது ஆட்டம் உங்கள் பாகத்துக்குப் பொறுக்கும் என்றால் எம் போடுங்கள். சில பாகங்களே தேவை என்றால் தனி கேஜ் வேண்டாம், சிஎம்எம் மேசையில் மாடுலர் ஃபிக்ஸ்சர் போதும். தொடர் உற்பத்தி என்றால் தனி ஃபிக்ஸ்சர் விரைவில் தன் செலவை ஈட்டிவிடும்.

காலம் குறித்து நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: விலை கேட்டு வரைபடம் அனுப்பும் முன்பே டார்கெட்டுகள் முடிவாகிவிட வேண்டும். ஃபிக்ஸ்சரின் செலவு அந்த விலைக்குள்தான் அடங்குகிறது. தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை (டை) செய்யத் தொடங்கிய பிறகு டார்கெட்டை நகர்த்தினால் அச்சின் லொக்கேட்டர், வெல்டிங் ஃபிக்ஸ்சர், கேஜ் எல்லாம் நகர வேண்டும். மடித்தல், வெல்டிங், அளவீடு ஆகிய மூன்று கட்டத்திலும் அதே புள்ளிகளைப் பயன்படுத்த முடியுமா என்று செய்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கட்டத்துக்குக் கட்டம் டேட்டம் மாறினால் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கார் பாடி செய்கிறவர்கள் தனித் தகட்டிலிருந்து முழு பாடி வரை அதே புள்ளிகளை விடாமல் கொண்டுபோவது இதற்காகத்தான்.

9. முதல் மாதிரி வந்ததும்

சிஎம்எம் இயக்குபவரிடம் முதலில் கேளுங்கள்: ஏ தளத்தை எப்படி எடுத்தீர்கள்? முகம் முழுவதும் நிறையப் புள்ளிகள் தொட்டு சராசரித் தளம் எடுத்திருந்தால் அது உங்கள் ஏ அல்ல. டார்கெட்டின் ஆயத்தொலைவுகளில் மட்டும் தொட்டு, சீரமைத்து, மீண்டும் அதே ஆயத்தொலைவுக்குச் சென்று தொட வேண்டும். முதல் தடவை பாகம் சாய்ந்திருப்பதால் முனை சரியான இடத்தில் பட்டிருக்காது. சில சுற்றுகளில் அது நிலைபெறும்.

பிறகு பாகத்தை ஃபிக்ஸ்சரிலிருந்து எடுத்து, மீண்டும் வைத்து, மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இரு அளவீடுகளுக்கும் இடையேயான வேறுபாடு டாலரன்ஸில் பெரிய பங்கைத் தின்றால் பாகத்தைக் குறை சொல்லும் முன் டார்கெட்டுகளைப் பாருங்கள். கிளாம்ப் போடும் முன் ஒவ்வொரு ரெஸ்ட் பேடுக்கும் தகட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று டார்கெட்டுகளில் ஏதாவது ஒன்றில் இடைவெளி தெரிந்தால், தகடு வேறெங்கோ இடித்துக்கொண்டு நிற்கிறது. பெரும்பாலும் பிசிறோ, இறுக்கமான பின்னோ காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு அளந்த எண்களை மட்டுமே அறிக்கையில் ஏற்றுக்கொள்ளுங்கள்.